ஆண்மான் மேயத் தொடங்கியது

ஃப்ளாஸ்க்கையும் ரொட்டி டப்பாவையும் தூக்கிக்கொண்டு இஷ்பெல் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவள் கணவர் டோர்மட் ஈரப் புல்லில் குப்புறப் படுத்துத் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தார்.

திரும்பிப் பார்க்கவில்லை.

"ரெண்டு வாயாவது போட்டுக்கய்யா. பெல்ட்டுல புதுசா மூணு ஓட்டை போட்டாச்சு. இன்னும் எங்க போடப் போற?"

டோர்மட் தொலைநோக்கியை அடுத்த பாறைப் பக்கம் நகர்த்தினார்.

பத்தொன்பது நாளாக இப்படித்தான். விடிந்ததும் மலையேறுவார். இருட்டினால் இறங்குவார். டீ மட்டும் குடிப்பார், ரொட்டி அப்படியே வீடு திரும்பும்.

கீழே பள்ளத்தாக்கில் ஆண்மான்கள் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தன. அக்டோபர், அதுகள் இணைசேரும் காலம். ஹைலண்ட்ஸ் மலைகளில் மான் காவலர் ஒருவரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்மான்களை வளைத்து வைத்திருக்கும் ஆண்மான் புல்லில் வாய் வைக்காது. கத்தும், சுற்றிச் சுற்றி ஓடும், சேற்றில் புரளும், மறுபடியும் கத்தும். குனிந்த நேரத்தில் இன்னொன்று வந்து ஓட்டிக்கொண்டு போய்விடும் என்ற பயம்.

பாறைக்குக் கீழே நின்ற கிழட்டு மானும் அப்படிக் கிடந்ததுதான். செப்டம்பரில் பீப்பாய் மாதிரி இருந்தது. இப்போது விலா எலும்புகளை எண்ணிவிடலாம்.

இன்று பெண்மான்கள் அத்தனையும் ஓடைக்கு அந்தப் பக்கம், ஓர் இளம் மானோடு நின்றன.

கிழடு ஒருமுறை கத்தப் பார்த்தது. குரல் எழும்பவில்லை.

பிறகு தலையைத் தாழ்த்தி மேயத் தொடங்கியது. அக்கம்பக்கம் பார்க்காமல், நிதானமாக.

டோர்மட் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேய ஆரம்பிச்சிட்டான். அவ்வளவுதான். விட்டுட்டான்."

தொலைநோக்கியை மடக்கிப் புல்லில் வைத்தார். எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"அந்த டப்பாவக் குடு, இஷ்பெல்."

இத்தனை நாள் இதற்காகத்தான் கெஞ்சியிருந்தாள். ஆனால் டப்பாவைப் பிடித்திருந்த விரல்கள் பிரிய மறுத்தன. அவரே மெதுவாக உருவி எடுத்துக்கொண்டார். ஓட்ஸ் ரொட்டியைப் பிட்டு, மேலே சீஸ் துண்டை வைத்து, வாயில் போட்டார்.

"சாப்பிடாத," என்றாள் இஷ்பெல். "வேணாய்யா. சாப்பிடாத."

அவர் மென்றுகொண்டிருந்தார்.

இஷ்பெல் தொலைநோக்கியை நீட்டிக்கொண்டு, அவர் படுத்த தடத்திலேயே குப்புறப் படுத்தாள். மான்களைத் தாண்டி, எதிர்ச்சரிவின் பாறை இடுக்கு ஒவ்வொன்றாக, பத்தொன்பது நாளுக்கு முன் மலையேறிப் போன மகன் ரூரியின் மஞ்சள் கோட்டைத் தேடத் தொடங்கினாள். மீட்புக் குழு ஒன்பதாம் நாளே இறங்கிப் போயிருந்தது.

முதுகுக்குப் பின்னால், அடுத்த ரொட்டியை அவர் பிட்கும் சத்தம் கேட்டது.