பழைய தழும்பு

மலையூரான நரினின் ஆஸ்பத்திரியில், ஆடு மேய்க்கும் புருல்கானின் கீழ் இமையை டாக்டர் மீர்குல் மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஐந்து வருடங்களுக்கு முன் புற்றுக்கட்டியை வெட்டியெடுத்த தழும்பின் ஓரத்தில் முத்துப்போல ஒரு பளபளப்பு. அங்கே மட்டும் இமைமுடி உதிர்ந்திருந்தது.

"வெறும் கண்கட்டிதான் டாக்டரம்மா. நாலு மாசமா ஆறுது, மறுபடி ரத்தம் கசியுது."

"கண்கட்டி இல்லக்கா. பழைய புத்துநோய் திரும்பியிருக்கு போல. சதை எடுத்துப் பார்த்துட்டு, மறுபடி வெட்டணும்."

புருல்கான் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"பிஷ்கெக் பெரியாஸ்பத்திரியில வேரை விட்டுட்டு வெட்டினாங்களே, அந்தக் கை விளங்குமா?"

மீர்குல் அவள் கொண்டுவந்திருந்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிரித்துப் படித்தாள். கீழே இருந்த கையெழுத்தில் அவள் விரல் நின்றது.

"யார் பேரு போட்டிருக்கு? சொல்லுங்க, நேர்ல போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்."

மீர்குல் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"என் பேருதான்க்கா. அப்ப நான் அங்கதான் இருந்தேன். பார்வைக்குப் பழுது வந்துடுமோன்னு பயந்து கட்டியை ஒட்டியே வெட்டினேன். அதுல மிச்சம் நின்னுடுச்சு. வேற டாக்டர்கிட்ட அனுப்பட்டுமா?"

புருல்கான் தலைக்குட்டையை அவிழ்த்து முகத்தை அவள் பக்கம் நீட்டினாள்.

"வேற ஆள் எதுக்கு? வேரை எங்க விட்டேன்னு உனக்குத்தானே தெரியும். நீயே வெட்டு."