அதே மாமன்

சரக்கைக் கண்ணால் பார்க்காமலே விற்பதுதான் இளம்பரிதியின் வேலை. சென்னையில் அவன் திரைக்கு ஆர்டர் வரும். வாடிக்கையாளரின் ஊருக்குப் பக்கத்தில் சரக்கு வைத்திருப்பவர் யாரோ அவருக்கு அதைத் தள்ளிவிடுவான். அவர் நேரே கொண்டுபோய்ச் சேர்ப்பார். மிக்சியும் கட்டிலுமாக இருந்த பட்டியலில் இப்போது மனிதர்களும் உண்டு. பெண் பார்க்கக் கூடப் போக ஒரு பெரியப்பா, ஆஸ்பத்திரியில் உடனிருக்க ஒரு மகன்.

கோவில்பட்டியில் தங்கை மகளுக்கு முதல் மொட்டை போட்டபோது லீவு கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. தானே ஓர் ஆர்டர் போட்டான். சாத்தூர்க்காரர் ஒருவர் அவன் பெயரில் சீர்த்தட்டோடு போய், தாய்மாமனாக உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ‘சேர்ந்தது’ என்று திரையில் பச்சை விழுந்தது.

இரண்டு வருடம் கழித்து, இன்று அவன் ஒப்புதலுக்கு வந்த ஆர்டரில் தங்கையின் முகவரி இருந்தது. காதுகுத்துக்கு ஒரு தாய்மாமன். குறிப்பு: ‘மொட்டைக்கு வந்தவரையே அனுப்பவும். அவர் மடியில் பாப்பா அழவில்லை.’

போன் செய்தான்.

“ஏன் செண்பகம், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீயும் அவரைத்தானண்ணே அனுப்புவ?” அவள் குரலில் கோபமே இல்லை.

“இல்லம்மா. இந்தத் தடவை நானே வரேன்.”



“வாண்ணே. ஆனா மடியில அவரே வச்சுக்கிடட்டும். புது ஆளுன்னா பாப்பா அழுவா.”