மாதங்கியோடு ஒரு ஆட்டம்

முயலுக்குப் பின்னங்கால் முறிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வளையை விட்டு வெளியே போக முடியாது. பொழுது போகவேண்டுமே என்று செல்போனில் லூடோ இறக்கிக்கொண்டு நாள் முழுக்க ஆடியது. எதிராளியின் பெயர் மாதங்கி. முயல் ஜெயித்தால் மாதங்கி கைதட்டுவாள். தோற்றால் "அடுத்த ஆட்டத்தில் பார்க்கலாம்" என்பாள்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்க எலி உள்ளே வந்தது. போனை எட்டிப் பார்த்தது.

"யாரோட ஆடறீங்க அண்ணே?"

"மாதங்கியோட."

"மூணு நாளா இந்தக் காட்டிலேயே நெட் இல்லையே! நீங்க வெறும் மெஷினோட ஆடிட்டிருக்கீங்க."

முயல் பகடையை உருட்டிவிட்டுத்தான் பதில் சொன்னது.

"தெரியும். முதல் நாளே தெரியும். ஆனா 'உங்க முறை'ன்னு என்னைக் கூப்பிடறது அது ஒண்ணுதான்."

மழை விட்டதும் எலி வாசல்வரை போனது. பிறகு திரும்பி வந்து, கட்டுப் போட்ட காலருகே உட்கார்ந்தது.

"கால் எப்படிண்ணே முறிஞ்சது?"

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டதில்லை. முயல் போனைக் கவிழ்த்து வைத்தது.

"சும்மாதான் ஓடினேன்..." என்று ஆரம்பித்தது.