கதைக்காத வீரன்

2002. துறைமுக நகரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் குணேஸ்வரியின் கம்ப்யூட்டர் கடையிலேயே ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஆறு பாகங்களையும் ஆடி முடித்தவர் கிளார்க் குலசிங்கம். புதிதாக வந்த ஏழாம் பாகத்தில் இரண்டாம் நிமிடமே கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“கம்பெனிக்காரர் விளையாட்டையே கெடுத்துப்போட்டாங்கள், அக்கா! ஆறு பாகத்திலயும் வீரன் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. அதுதானே அவன்ர குணம்! இப்ப வாய் மூடாமல் கதைக்கிறான். நான் கடிதம் எழுதப்போறன்.”

குணேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“அவன் முதலாம் பாகத்தில இருந்தே கதைக்கிறவன், தம்பி. விளையாட்டில வாற வெடிச்சத்தம் கேட்டால் கடைக்கு முன்னால காவல் நிக்கிற நேவிக்காரர் உள்ள வந்திடுவாங்கள் எண்டு நான்தான் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் பூட்டேல்லை. போர் நிறுத்தம் வந்ததால நேற்றுத்தான் பூட்டினனான்.”

குலசிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப முதலாம் பாகத்தைப் போடுங்கோ, அக்கா. இவ்வளவு காலமும் அவன் என்ன சொன்னவன் எண்டு கேப்பம்.”