படைப்புச் சேலை

“அந்தச் சேலையத் தொடாதீக! செத்தவளுக்கு எடுத்தது.”

பெரியவர் அதட்டியதும் கிருத்திகா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். குத்துவிளக்கின் முன்னால் தலைவாழை இலையில் சோறு ஆவி பறந்தது. பக்கத்தில் மெல்லிய கரை போட்ட சந்தனக் கலர் சேலை.

அவளும் அம்மாவும் மலேசியாவின் ஈப்போவிலிருந்து கோயில் சுற்ற வந்தவர்கள். கானாடுகாத்தானில் தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது, அரண்மனை மாதிரி வீடு, எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்றாள் அம்மா. வாசலில் வந்து நின்றதும், “உள்ளே விடுவாங்களான்னு தெரியலையே” என்று பயந்ததும் அவள்தான்.

வீடு அரண்மனைதான். குடியிருப்பதோ வள்ளியப்பன் என்ற வயதானவரும் புறாக்களும் மட்டும். வந்ததிலிருந்து அம்மா மாஸ்க்கையும் கழற்றவில்லை, வாயையும் திறக்கவில்லை. இந்த அறைக்குள் வரும்போது தாழ்வான வாசல் நிலை இடித்துக் கிருத்திகாவின் நெற்றி வீங்கியதுதான் மிச்சம். அம்மா குனிந்து வந்துவிட்டாள்.

“செத்தது யாரு, அங்கிள்?”

“என் தங்கச்சி. சின்ன வயசுலயே போயிட்டா. வருசா வருசம் படைப்போம். எங்கப்பா, அப்பச்சி காலத்துல ஆரம்பிச்சது, அவுக போன பெறகும் நிறுத்த மனசு வரலை.”

அம்மா கிருத்திகாவின் தோளை இறுகப் பிடித்தாள்.

“படைச்ச சேலைய என்ன செய்வீங்க?”

“வீட்டுப் பொம்பளைப் பிள்ளை உடுத்தணும். இங்க யாரு இருக்கா? இங்குட்டு வந்து பாருங்க.”

மரப்பெட்டியைத் திறந்தார். மடிப்புக் கலையாத சேலைகள், அந்துருண்டை வாசம். அடியில் ரோஸும் கிளிப்பச்சையுமாய் அகலக் கரைகள். மேலே வர வர நிறம் அடங்கி, கரையும் ஒடுங்கியிருந்தது.

“மேல போகப் போக டல்லா இருக்கே?”

“வயசாகுதுல்ல” என்றார். அவருக்கு வயதாவதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி, வெளிய வாங்க. கதவச் சாத்தணும். அவ வந்து பார்த்துட்டுப் போற நேரம்.”

கிருத்திகா இரண்டாம் முறை சொல்ல வைக்கவில்லை. வெளியே பாய்ந்து, கதவு சாத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைக் காணோம்.

“அம்மா!”

எங்கோ ஒரு புறா படபடத்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு ஒரு விசும்பல்.

கிருத்திகாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “உள்ள... உள்ள யாரு?”

“வந்துட்டா” என்றார் வள்ளியப்பன். அவர் கண் கலங்கியிருந்தது. படைப்பு வழக்கப்படி கைதட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

இலைக்கு முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் தரையில் கிடந்தது. சந்தனக் கலர் சேலை மடியில் இருந்தது.

“ஓடிப்போனவ செத்துட்டான்னு அப்பச்சி சொன்னாக, சரி. நீங்களுமாண்ணே என்னைக் கொன்னுட்டீக?”

இதைக் கேட்கத்தான் கடல் தாண்டி வந்திருந்தாள். வள்ளியப்பன் பெட்டியிலிருந்த சேலைகளையெல்லாம் அள்ளி வந்து அவள் மடியில் வைத்தார்.

“செத்தவளுக்குன்னு சொன்னாத்தான், சாலா, சேலை எடுக்க அப்பச்சி விட்டாக.”