அந்தப் பெயரைப் போட்டால்

நூலகத்தின் கணினி அறையில் ஜன்னல்கள் திறப்பதில்லை. பழைய நாளிதழ்களைத் தேடித்தரும் திரை, அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைச் சதுரங்களாக நிற்கிறது. அம்மாவின் பெயரை மகள் நான்கு விதமாக அடித்துப் பார்த்துவிட்டாள். நான்கு முறையும் ‘முடிவுகள் இல்லை’. “நீச்சல் போட்டியில கப்பு வாங்கினேன்டி. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நான் என்ன பொய்யா சொல்றேன்?” நூலகர் எட்டிப் பார்க்கிறார். “அந்தக் காலத்துல லேடீஸ் பேரைப் போட மாட்டாங்கம்மா. வீட்டுக்காரர் பேரைப் போட்டுப் பாருங்க, டக்குனு வந்துடும்.” மகளின் விரல்கள் கீபோர்டுக்கு மேலே அப்படியே நிற்கின்றன. அந்த ஆளின் வீட்டைவிட்டு இருவரும் வெளியேறி இருபத்தாறு வருடம். அந்தப் பெயரை இருவரும் வாயால்கூடச் சொன்னதில்லை. அம்மா கைப்பையின் ஜிப்பை மூடுகிறாள், திறக்கிறாள், மூடுகிறாள். “போடு.” அறுபத்திரண்டு முடிவுகள். திறப்புவிழா, பாராட்டுவிழா, மைக், மறுபடி மைக். நாற்பத்தோராவதில், ஈரத்தலையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் அம்மா. படத்துக்குக் கீழே ஒரே வரி: அந்த ஆளின் பெயர், பக்கத்தில் ‘அவர்களின் மனைவி’. அம்மா எழுந்து, கட்டைவிரலால் அந்த வரியைத் திரையோடு அழுத்தி மறைக்கிறாள். “இப்பப் பெருசாக்கு, முகத்தைப் பார்ப்போம்.” மகள் படத்தைப் பெரிதாக்குகிறாள். முகம் பெரிதாகிறது, கூடவே அந்த வரியும் பெரிதாகி, விரலின் இருபுறமும் பிதுங்கி வெளியே வருகிறது.