ஞாயிற்றுக்கிழமை போன்

“நான் நல்லாருக்கேன். வேளைக்குச் சாப்புடறேன். வூட்டுக்கு ஓடு மாத்தியாச்சு. நீ ஒடம்பப் பாத்துக்கோ. வெச்சிடறேன்.”

தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு ஸ்தனிஸ்லாஸ் ரிசீவரை வைத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்காரர் லாரன்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்தனிஸ்லாசின் மனைவி ஆக்னஸ் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்த பூத்துக்குக் கூப்பிடுவாள். அங்கே எஜமானியம்மா எழுந்திருப்பதற்குள் கிடைக்கிற பத்து நிமிஷம் அது. வாரத்துக்கே அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிஷத்தில் இந்த மனுஷன் நாலு வரியை ஒப்பித்துவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். மூன்று மாதமாக இதே கதை. அவள் போன புதிதில் இதே போனில் குசுகுசுவென்று பேசி, தனக்குள் சிரித்துக்கொண்டே வெளியே போனவர்தான்.

ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? “பொண்டாட்டி சம்பாத்தியம் இனிக்குது, பொண்டாட்டி கசந்துட்டா” என்று பக்கத்து வீட்டு நீலாவதி போன வாரமே சொல்லிவிட்டாள்.

“ஏம்ப்பா, நில்லு” என்றார் லாரன்ஸ்.

ஸ்தனிஸ்லாஸ் பாட்டுக்குப் படியிறங்கினார்.

“ஒன்னத்தான்யா.”

திரும்பவில்லை. லாரன்ஸ் எழுந்து ஓடி, தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“அந்தத் தங்கச்சிய ஒரு வார்த்த பேச வுடுறியா நீ? விடிஞ்சும் விடியாம எந்திரிச்சி ஒனக்கு போன் போடுது. நீ பாட்டுக்குக் கத்திட்டு வெச்சிடற. மனுசனா நீ?”

ஸ்தனிஸ்லாஸ் அவர் வாயையே பார்த்தார்.

“கொஞ்சம் மெதுவா சொல்லு லாரன்சு. வாயப் பாத்தாதான் எனக்குப் புரியும்.”

லாரன்சின் கை தோளிலிருந்து தானாக இறங்கியது.

“காது கேக்கலியா?”

“மில்லு ஓடற சத்தம்தான் எந்நேரமும் உள்ள ஓடிக்கிட்டு இருக்குது. வேற ஒண்ணும் வரல.”

செராமிக் கம்பெனியில் கல்லையும் களிமண்ணையும் போட்டு அரைக்கிற பெரிய உருளை மில்லில் பதினாறு வருஷமாக வேலை செய்கிறவர் அவர். அங்கே பக்கத்தில் நிற்பவனோடும் கைஜாடைதான். யாருக்குக் காது போனது என்று யாருக்குத் தெரியும்?

“எப்பத் தெரிஞ்சிது?”

“மில்லு வாசல்ல ஒரு நாய் கெடக்கும். குட்டியிலேர்ந்து அந்தச் சத்தத்துலயே வளந்தது. மாசி மாசம் மண்ணு லாரி பின்னால வந்துச்சு. டிரைவரு ஆரன வுடாம அடிச்சாராம். அது எந்திரிக்கல. பக்கத்துல நின்ன நானும் நவுரல. என்னப் புடிச்சி இழுக்க ஆளு இருந்துச்சு. அதுக்கு இல்ல.”

லாரன்ஸ் அவர் முகத்துக்கு நேராக நின்று கேட்டார்.

“ஆக்னசுகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா மறுநாளே கெளம்பி வந்துடுவா. வந்தா பழையபடி சலிக்கிற ரூமுக்குத்தான் வேலைக்குப் போவா.”

ஆக்னசும் அதே கம்பெனியில் மண்தூள் சலித்தவள். இருமி இருமிப் பாதி ஆளாகி, ‘இந்தத் தூசியை விட்டால்தான் பிழைப்பாய்’ என்று டாக்டர் சொன்ன பிறகுதான் குவைத்துக்குப் போனாள். பிள்ளைகுட்டியும் இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

“அங்க போயி இருமல் நின்னுடுச்சின்னு கடுதாசி போட்டிருக்கா. அது போதும் எனக்கு. ஆனா, வாரா வாரம் ரிசீவரக் காதோட அழுத்தி வெச்சிப் பாக்கறேன் லாரன்சு. ‘என்னங்க’ன்னு ஒரு தடவயாவது வந்து வுழாதான்னு. போனுல மொகமும் தெரியமாட்டேங்குது.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவகிட்ட சொல்லிடாத.”

லாரன்ஸ் தலையாட்டிவிட்டாரே தவிர, வாரம் முழுக்க மனசு அரித்தது. கட்டினவளுக்குத் தெரியாமல் இப்படி ஒரு விஷயத்தை மறைக்கலாமா? அவள் அங்கே காத்துக்கிடந்து போன் போடுவதும், இவருக்கு ஒரு சொல்கூடக் காதில் விழாமல் போவதும் என்ன நியாயம்? சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

அடுத்த ஞாயிறு பத்து நிமிஷம் முன்னதாகவே போன் அடித்தது.

“நாந்தாண்ணே, ஆக்னசு. அவரு வந்துட்டாரா?”

“கோயில்லேர்ந்து வந்துகிட்டு இருப்பாரு. தங்கச்சி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனச தைரியமா வெச்சிக்கோ. அவரு காது...”

“தெரியும்ணே.”

லாரன்சுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் ஸ்தனிஸ்லாஸ் வெள்ளைச் சட்டையும் வாரிய தலையுமாகப் படியேறி வந்து, ரிசீவருக்காகக் கை நீட்டினார். வாயைப் பார்த்துவிடுவாரே என்று லாரன்ஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. ரெண்டு நாளாக் காய்ச்சல்ங்கன்னு ஒரு வாட்டி சொன்னேன். ‘ரொம்ப சந்தோசம், அப்படியே இரு’ன்னாரு. அவரு அப்படிச் சொல்ற ஆளாண்ணே? அன்னிக்கே புரிஞ்சிபோச்சு. அதுலேர்ந்து நான் வாயே தொறக்கறதில்ல.”

“அப்புறம் எதுக்கும்மா வாரா வாரம் போனு?”

“எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. சொன்னா, இனிமே எதுக்கு வீணா போனுன்னு பேச வரமாட்டாரு. அந்த நாலு வார்த்த அவரு கொரல்ல கேக்கலன்னா, நான் இங்க எப்படிண்ணே இருக்கறது?”